புறாவும் கரடியும் பதினைந்து ஷில்லிங்கும்

"தம்பி, என்கிட்ட டார்வினோட ஃபர்ஸ்ட் எடிஷன் இருக்கு. வந்து பாக்கறீங்களா?"

போனில் இப்படி ஒரு குரல் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது. நான் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு தாம்பரம் லோக்கலைப் பிடித்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு கைகழுவியவன். டெபிட், கிரெடிட்டை மட்டும் வைத்துக்கொண்டு டார்வினைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் பழைய புத்தகம் என்றால் எனக்குக் கை நடுங்கும். அந்த ஒரு தகுதியில் இதை எழுதுகிறேன்.

இரும்புலியூரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தோம் என்று தெரியாமலே கடந்திருப்பீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸெல்லாம் தாம்பரத்தைத் தாண்டியதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் திணறி நிற்குமே, அந்த இடம். ஊர் பெயரில் மட்டும் புலி இருக்கிறது. நிஜப் புலிக்கு வண்டலூர் வரை போக வேண்டும்.

கூப்பிட்டவர் ரிட்டயர்டு உயிரியல் ஆசிரியர். வயது எழுபத்தாறு. 1974-ல் முதல் மாதச் சம்பளம் வாங்கின கையோடு மூர் மார்க்கெட்டுக்குப் போய், எட்டு ரூபாய்க்கு அந்தப் புத்தகத்தை வாங்கினாராம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. புத்தகம் தப்பித்தது. 2015 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது முதலில் மாடிக்கு ஏறியது டார்வின், அப்புறம்தான் மிக்ஸி என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "கிரைண்டர் போச்சு, அதையும் சொல்லுங்க" என்றார்.

பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் வேறு கணக்கு ஓடியது. 2009 நவம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு முதல் பதிப்பு 1,03,250 பவுண்டுக்குப் போன செய்தியை அவர் படித்துவைத்திருந்தார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய். ஏதோ ஒரு வீட்டில், விருந்தாளிகளுக்கான டாய்லெட் அலமாரியில் கிடந்த பிரதி அது. "டாய்லெட்ல கிடந்ததுக்கே அவ்ளோன்னா..." என்று பாதியில் நிறுத்தினார். அவருடைய மகள் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஃபீஸ் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே தெரியும்.

சார் பழைய வேட்டித் துணியைப் பிரித்தார். மங்கிப்போன துணி அட்டை. முகப்புத் தாளின் கீழ்ப்பகுதியைப் பூச்சி அரித்திருந்தது. வருஷம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை! இத்தனை வருஷம் வீட்டில் நம்பிக்கை உயிரோடு இருந்ததற்கு அந்த ஓட்டைதான் காரணம்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பாடம். உங்கள் தாத்தா பெட்டியிலும் ஒன்று கிடைக்கலாம், யார் கண்டது?

'ஆன் த ஆரிஜின் ஆஃப் ஸ்பீஷீஸ்' 1859 நவம்பர் 24-ம் தேதி லண்டனில் ஜான் மர்ரே பதிப்பகத்தில் வெளியானது. பச்சைத் துணி அட்டை. விலை பதினைந்து ஷில்லிங். அச்சிட்டது 1,250 பிரதிகள். புத்தக வியாபாரிகள் அதைவிட அதிகமாக ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். மூடி என்ற வாடகை நூலகக்காரர் மட்டும் 500 எடுத்தார். நம் லெண்டிங் லைப்ரரிகளுக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா அவர்.

முதல் பதிப்பின் தலைப்பு 'ஆன்' என்று தொடங்கும். ஆறாம் பதிப்பில் அது போய்விட்டது. முதல் பதிப்பில் 14 அத்தியாயங்கள், ஆறாவதில் 15. எல்லாவற்றுக்கும் மேல் முதல் பதிப்பின் 20-ம் பக்கம், 11-ம் வரி. அங்கே 'ஸ்பீஷீஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் நடுவே ஒரு 'ஈ' எழுத்து கூடுதலாக விழுந்திருக்கும். அச்சுப் பிழை. அந்தப் பிழைக்குத்தான் பழம்புத்தக வியாபாரிகள் உயிரை விடுகிறார்கள்.

சாருடைய பிரதியில் தலைப்பில் 'ஆன்' இல்லை. அத்தியாயம் 15. பிழை இல்லை. நான்காம் அத்தியாயத் தலைப்பைப் பார்த்தேன். இயற்கைத் தேர்வு என்பதோடு 'சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்' என்ற பிரபல வாசகமும் ஒட்டியிருந்தது. அது 1869-ல் ஐந்தாம் பதிப்பில்தான் உள்ளே வந்தது.

"சார்... இது ஆறாம் பதிப்பு. 1872-ல் வந்தது. அதையும் பல வருஷம் மறுபடி மறுபடி அடிச்சிருக்காங்க. அதுல ஒண்ணு."

மகன் கேட்டார். "எவ்ளோ போகும் சார்?"

இந்த நிலைமையில், சில ஆயிரம் ரூபாய் வந்தால் அதிர்ஷ்டம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனார். கெட்ட சேதி சொல்ல ஒருவன் லோக்கல் டிரெயினில் வந்து இறங்கியிருக்கிறான். நானாக இருந்தால் காபிகூடக் கொடுத்திருக்க மாட்டேன். கொடுத்தார்கள்.

சார் வேறு ஒன்று கேட்டார். "அப்ப நான் அம்பது வருஷமா படிச்சது டார்வின் இல்லையா?"

இதற்குத்தான் இந்த வாரப் பத்தி.

விலையை விடுங்கள். வெறும் புத்தகமாகப் பார்த்தால் முதல் பதிப்பு உசத்தியா, ஆறாம் பதிப்பு உசத்தியா? கடைசியாகத் திருத்தியதுதான் சிறந்தது என்று நாம் நினைப்போம். பேலன்ஸ் ஷீட் என்றால் அது சரி. புத்தகத்துக்குச் சரியில்லை.

டார்வின் இருபது வருஷமாக இந்த யோசனையை அடைகாத்தவர். முப்பாட்டன் சொத்து மாதிரி பிரம்மாண்டமாக ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். 1858 ஜூனில் மலாய்த் தீவுகளிலிருந்து வாலஸ் என்ற இளைஞர் ஒரு கட்டுரை அனுப்பினார். டார்வின் யோசித்துவைத்திருந்த அதே விஷயம்! ஜூலை 1-ம் தேதி லின்னேயன் சொசைட்டியில் இருவர் பெயரிலும் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. அதற்கப்புறம்தான் டார்வின் பெரிய நூலை ஓரம் கட்டிவிட்டு, அவசர அவசரமாக இந்தச் 'சுருக்கத்தை' எழுதினார். ஓரம் கட்டியது முடியாமலே போய், 1975-ல்தான் அச்சேறியது.

அந்த அவசரம் நமக்கு அடித்த லாட்டரி. அடிக்குறிப்பு கிடையாது. ஒரு மனிதர் நம் எதிரே உட்கார்ந்து, "இதைப் பாருங்க, இதையும் பாருங்க, இப்ப என்ன சொல்றீங்க?" என்று மடக்கிக்கொண்டே போகிறார். ஆட்சேபங்களையும் அவரே முதலில் எடுத்து வைக்கிறார். படம் என்று பார்த்தால் ஒரே ஒரு மடிப்புத் தாளில் கிளை பிரியும் கோடுகள், அவ்வளவுதான்.

அப்புறம் விமர்சகர்கள் வந்தார்கள். 1860, 61, 66, 69, 72 என்று ஐந்து தடவை திருத்தினார். மோர்ஸ் பெக்கம் என்ற ஆய்வாளர் ஆறு பதிப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு 1959-ல் வெளியிட்டார். முதல் பதிப்பின் வாக்கியங்களில் சுமார் முக்கால்வாசி ஒரு தடவையாவது மாறியிருக்கின்றன.

எப்படி மாறின என்பதற்கு மூன்று சாம்பிள்.

ஒன்று, கரடி. முதல் பதிப்பின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு வட அமெரிக்கக் கறுப்புக் கரடி வரும். மணிக்கணக்கில் வாயைத் திறந்துகொண்டே நீந்தி, தண்ணீரில் இருக்கும் பூச்சிகளைப் பிடிக்கும். இப்படியே போனால் ஒரு கரடி இனம் காலப்போக்கில் திமிங்கிலம் போன்ற பிராணியாக மாறுவதில் தனக்கு ஆச்சரியமில்லை என்கிறார் டார்வின். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் பதிப்பில் கரடி நீந்துகிறது, பூச்சி பிடிக்கிறது. திமிங்கிலமாக மாறுவது மட்டும் காணோம்!

இன்று நமக்கு என்ன தெரியும்? திமிங்கிலத்தின் மூதாதை நான்கு காலில் நிலத்தில் நடந்த பாலூட்டிதான். கரடி வம்சமில்லை, நீர்யானைக்குச் சொந்தம். அதற்கு நெருங்கிய உறவான இந்தோஹையஸ் என்ற சிறிய பிராணியின் எலும்புகள் நம் காஷ்மீரில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேகரித்த பாறைகளில் இருந்தன. 2007-ல் ஆய்வு வெளியானது. டார்வின் பிராணியைத்தான் தப்பாகச் சொன்னார். விஷயம் சரி. சரியான இடத்தை வெட்டிவிட்டார்.

இரண்டு, கணக்கு. என் சப்ஜெக்ட்! இங்கிலாந்தில் வீல்ட் என்ற பள்ளத்தாக்கு அரிக்கப்பட எவ்வளவு காலமாகியிருக்கும்? கடல் நூறு வருஷத்துக்கு இத்தனை அங்குலம் அரிக்கும் என்று வைத்துக்கொண்டு முதல் பதிப்பில் கணக்குப் போடுகிறார். விடை 30 கோடியே 66 லட்சத்து 62 ஆயிரத்து 400 வருஷம். அந்தக் கடைசி 400-ஐப் பாருங்கள். எந்த ஆடிட்டரும் அதை விட்டுவைக்க மாட்டார். டார்வினே அடுத்த வரியில் முப்பது கோடி என்று ரவுண்ட் பண்ணிவிடுகிறார். ஊகம் மிகை என்று சாத்தினார்கள். மூன்றாம் பதிப்பில் கணக்கையே தூக்கிவிட்டார். அப்புறம் கெல்வின் என்ற பௌதிக மேதை பூமிக்கே அவ்வளவு வயசில்லை என்று மிரட்ட, டார்வின் மேலும் தயங்கினார். வீல்ட் கணக்கு தப்புதான். ஆனால் பூமியின் வயது 450 கோடி வருஷத்துக்கும் மேல் என்று இன்று தெரியும். பயப்பட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மூன்று, கடவுள். புத்தகத்தின் கடைசி வாக்கியத்தில் ஆதி உயிருக்கு மூச்சு ஊதப்பட்டது என்று மட்டும் முதல் பதிப்பில் இருக்கும். ஊதியது யார் என்று இருக்காது. ஒன்றரை மாதத்தில் வந்த இரண்டாம் பதிப்பில் 'படைத்தவனால்' என்று சேர்த்துவிட்டார். பொதுஜன அபிப்பிராயத்துக்கு வளைந்துகொடுத்ததற்காக வருந்துகிறேன் என்கிற அர்த்தத்தில் 1863-ல் நண்பர் ஹூக்கருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் சேர்த்ததை எடுக்கவில்லை.

ஆறாம் பதிப்பை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. முதல் பதிப்பில் முன்னோடிகளுக்கு உரிய மரியாதை இல்லை. லமார்க், ஏன், சொந்தத் தாத்தா இராஸ்மஸ் டார்வின் பற்றிக்கூட வரலாற்றுக் குறிப்பு அப்புறம்தான் சேர்ந்தது. ஆறாவதில் ஒரு முழு அத்தியாயமே எதிர்ப்பவர்களுக்குப் பதில் சொல்கிறது. பரம்பரை குணம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று தெரியாத காலத்தில், கேட்டவர்களுக்கெல்லாம் ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னதன் ஆவணம் அது. ஆனால் படிக்கும்போது, கல்யாண வீட்டில் ஒவ்வொரு சம்பந்தியையும் சமாதானம் செய்துகொண்டே நடக்கும் பெண்ணின் தகப்பனார் ஞாபகம் வருகிறது. மாப்பிள்ளை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அதனால் என் சிபாரிசு முதல் பதிப்பு. பச்சை அட்டைக்காரனுக்கு வீட்டை அடகு வைக்க வேண்டாம். பெங்குவின் 1968-ல் வெளியிட்ட பதிப்பில் இருப்பது முதல் பதிப்பின் வாசகம்தான். ஹார்வர்டு 1964-ல் அப்படியே நகலெடுத்துப் போட்டிருக்கிறது. இணையத்தில் 'டார்வின் ஆன்லைன்' தளத்தில் இலவசம். வேறு மலிவுப் பதிப்பு வாங்கினால் நான்காம் அத்தியாயத் தலைப்பை ஒரு தடவை பாருங்கள். 'ஃபிட்டஸ்ட்' இருந்தால் அது பிந்தைய பதிப்பு.

இதையெல்லாம் சாரிடம் சொன்னேன். அவர் அந்த 'ஃபிட்டஸ்ட்'டிலேயே நின்றுவிட்டார்.

"அது டார்வின் சொன்னதில்லையா?"

"ஹெர்பர்ட் ஸ்பென்சர் சார். 1864-ல அவர் எழுதினதை டார்வின் அப்புறம் எடுத்துக்கிட்டார். நாம அதையும் 'வலியது வாழும்'னு தப்பா மொழிபெயர்த்துட்டோம். சூழலுக்குப் பொருந்தினது பிழைக்கும், அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் எடிஷன்ல வலியது, மெலியதுங்கற பேச்சே கிடையாது சார்."

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"எண்பத்தொண்ணோ ரெண்டோ. கடைசி பெஞ்சுல ஒரு பையன் தம்பி. ரெண்டு தடவை ஃபெயிலு. வீட்ல ரொம்பக் கஷ்டம். இந்தப் பாடம் நடத்தறப்ப தூங்கிட்டான். எழுப்பி நிக்க வெச்சு, 'வலியதுதான் வாழும்னு டார்வினே சொல்லியிருக்கான், உனக்கெல்லாம் இங்க இடமில்லடா'ன்னேன். கிளாஸே சிரிச்சுது. மறுநாள்லேர்ந்து அவன் வரல."

சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது, விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு ஆட்சேபித்தார்கள். சரியான ஆட்சேபம். நம் மாநிலப் பாடத்தில் அது இருக்கிறது என்று நானும் பெருமைப்பட்டதுண்டு. இருந்தால் மட்டும் போதாது, எந்த வார்த்தையில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்று இரும்புலியூரில் தெரிந்துகொண்டேன்.

பேச்சை மாற்ற நினைத்து முதல் அத்தியாயத்தைப் புரட்டினேன். புறாக்களைப் பற்றிய பகுதி. முதல் பதிப்பில் அந்தப் புகழ்பெற்ற அச்சுப் பிழை இருக்கும் 20-ம் பக்கத்தில்தான் இது தொடங்கும். மர்ரேயின் ஆலோசகர் எல்வின் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள், நன்றாக விற்கும்" என்கிற ரீதியில் யோசனை சொன்னார். அந்தப் புறாக்கள்!

அதில் ஒரு வரியைக் காட்டினேன். இந்தியாவிலிருந்து புறாத் தோல்கள் அனுப்பியதற்காக ஒரு 'டபிள்யூ. எலியட்'டுக்கு டார்வின் நன்றி சொல்கிறார்.

"இவர் யார் தெரியுமா சார்? வால்டர் எலியட். நம்ம மதராஸ் சிவில் சர்வீஸ்."

பெசன்ட் நகர் பீச் எலியட் வேறு, இவர் வேறு. அமராவதி ஸ்தூபிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்தவர். அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 1855-ல் கிளாஸ்கோவில் ஒரு கூட்டத்தில் டார்வின் இவரைச் சந்தித்தார். அடுத்த ஜனவரியில் புறா, கோழித் தோல்கள் கேட்டுக் கடிதம் எழுதினார். எலியட்டும் மதராஸிலிருந்து அனுப்பினார். ஆறு பதிப்புகளிலும் என்னென்னவோ வெட்டுப்பட்டது. இந்த நன்றி மட்டும் அப்படியே இருக்கிறது.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். "இத்தனை வருஷம் இந்த வரிய தாண்டித்தான் போயிருக்கேன்" என்றார்.

மகன் என்னை பைக்கில் தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். "பேங்க் லோன்தான் பாக்கணும்" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

மறுநாள் பெங்குவின் பிரதி ஒன்றைச் சாருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் போன்.

"தம்பி, கரடி இருக்கு!"

"இருக்குமே சார்."

"வலியதும் இருக்கு. ஏழாவது அத்தியாயம், கடைசி வரி. பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. வலியது வாழவும் மெலியது சாகவும் விடுகிற இயற்கை விதி பற்றி, டார்வின் தன் சொந்த வார்த்தையில், முதல் பதிப்பிலேயே எழுதியிருக்கிறார். சார் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறார். நான் பெருமையாகப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

"ஸாரி சார். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அது இருக்கட்டும். அந்த அத்தியாயம் எதைப் பத்தின்னு பாத்தீங்களா? குயில் குஞ்சு, கூட இருக்கற குஞ்சுகளைத் தள்ளிவிடுதே, அதைப் பத்தி. எறும்பு, குளவி. அந்தக் கடைசி வரியில மனுஷனே வரல தம்பி. கடைசி பெஞ்சை நான்தான் உள்ள கொண்டுவந்திருக்கேன்."

மேலே சாரிடம் நான் அடித்துச் சொன்னதை வேண்டுமென்றேதான் மாற்றாமல் விட்டிருக்கிறேன். இந்தப் பத்திகள் என்றாவது புத்தகமாக வந்தால் நீங்கள் முதல் பதிப்பையே வாங்குங்கள். பிழை அதில்தான் இருக்கும்.